ஒரே துப்பாக்கி, நான்கு காலிபர்: ஹை-பாயின்ட் கார்பைன் வாங்கும் முன்

ஒஹாயோ மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்டில் தயாராகும் ஹை-பாயின்ட் கார்பைனை, அதாவது கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தோளில் வைத்துச் சுடும் இந்தச் சிறு நீளத் துப்பாக்கியை, அழகுக்காக வாங்கியவர் என்று ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. பிளாஸ்டிக் கட்டை, அச்சில் அழுத்தி மடித்த இரும்புத் தகட்டு மேலுறை, கைப்பிடிக்குள்ளேயே செருகும் மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) என்று, முதன்முறை பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும்படியான உருவம் அது. ஆனாலும் 300 டாலரை ஒட்டிய விலையில், புதிதாக, எத்தனை கை மாறினாலும் செல்லுபடியாகும் வாழ்நாள் உத்தரவாதத்தோடு ஒரு கார்பைன் கிடைப்பது அரிது என்பதால், அமெரிக்காவில் முதல் நீளத் துப்பாக்கி வாங்க நினைக்கிற பலரும் ஒருமுறையாவது இதன் முன் வந்து நிற்கிறார்கள். நின்றவுடன் அவர்கள் தடுமாறுவது விலையில் அல்ல, காலிபரில், அதாவது எந்த அளவுத் தோட்டா என்பதில். 9 மி.மீ., .40 எஸ் அண்ட் டபிள்யூ, .45 ஏ.சி.பி., 10 மி.மீ. ஆட்டோ என்று ஏறத்தாழ ஒரே உடலில் நான்கு தோட்டாக்களுக்கு இது வருகிறது; .380 ஏ.சி.பி.க்கும் ஒரு வடிவம் உண்டு.

கொலம்பஸ் நகருக்கு வெளியே உள்ள ஒரு சுடுதளத்தில் ஒன்றரை ஆண்டாக என் 9 மி.மீ. கார்பைனைப் பயன்படுத்தி வருகிறேன். என்னோடு வரும் நண்பர்களில் ஒருவரிடம் .45 இருக்கிறது, மற்றொருவரிடம் 10 மி.மீ. இருக்கிறது; .40-ஐ இரவல் வாங்கிச் சில பெட்டிகள் சுட்டுப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி மாறாமல் தோட்டா மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று ஒப்பிட இதைவிட வசதியான பொருள் கிடைக்காது என்பதால், இந்த மதிப்புரையில் துப்பாக்கியைவிடக் காலிபரைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

கைத்துப்பாக்கித் தோட்டாவை நீளத் துப்பாக்கியில் இடுவது புதுமையல்ல. 1873-ஆம் ஆண்டு வின்செஸ்டர் துப்பாக்கிக்குப் போட்ட அதே .44-40 தோட்டாவைச் சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வரிலும் ஏற்றுக்கொண்டது. ஒரே பையில் ஒரே வகைத் தோட்டாவை வைத்துக்கொண்டு இரண்டையும் நிரப்பலாம் என்பதே அதன் கவர்ச்சி. 1985 முதல் 1999 வரை மார்லின் நிறுவனம் விற்ற கேம்ப் கார்பைனும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான்; அதன் 9 மி.மீ. வடிவம் ஸ்மித் அண்ட் வெஸனின் மேகசினையும், .45 வடிவம் 1911 கைத்துப்பாக்கியின் மேகசினையும் ஏற்றன. தோள்கட்டை உள்ள துப்பாக்கியின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அது தனிப் பதிவு கோரும் பொருளாகிவிடும் என்பதால், இன்றைய கார்பைன்கள் எல்லாம் 16 அங்குலத்தைச் சற்றே தாண்டிய குழலோடு வருகின்றன. ஹை-பாயின்டில் 9 மி.மீ.க்கு 16.5 அங்குலம், .40, .45, 10 மி.மீ. ஆகியவற்றுக்கு 17.5 அங்குலம். காலிபர் பற்றிய கேள்வி முழுவதும் இந்தக் கூடுதல் நீளத்தில்தான் அடங்கியிருக்கிறது.

நான் வாங்கச் சென்ற கடையில், மேசைக்குப் பின்னால் நின்ற பெரியவர் என்னை .45 பக்கம் திருப்பப் பெரிதும் முயன்றார். பெரிய குண்டு பெரிய ஓட்டை போடும் என்பது அவர் வாதம். கைத்துப்பாக்கிக்காரர்கள் நூறாண்டுகளாக நடத்திவரும் 9 மி.மீ.யா .45-ஆ என்ற பட்டிமன்றத்தை அவர் அப்படியே கார்பைனுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடைகளில் மட்டுமல்ல, நண்பர் வட்டங்களிலும் நடக்கிற தவறு இதுவே. நாலு அங்குலக் குழலில் பொருந்துகிற வாதம் பதினாறு அங்குலக் குழலில் பொருந்தாது. குழல் நீளும்போது தோட்டாக்களின் வரிசை மாறிவிடுகிறது.

எப்படி மாறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் குண்டின் எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்னுக்குச் சற்றே குறைவு என்று வைத்துக்கொண்டால், 9 மி.மீ.யில் மிகப் பரவலாக விற்கும் 115 கிரெய்ன் குண்டு அறுபது குன்றிமணி எடை; .45-இன் வழக்கமான 230 கிரெய்ன் குண்டு அதைப்போல் சரியாக இரு மடங்கு. கைத்துப்பாக்கியில் முன்னது நொடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்திலும், பின்னது சுமார் 850 அடி வேகத்திலும் வெளியேறுகின்றன. ஆற்றலாகக் கணக்கிட்டால் 9 மி.மீ.க்கு 340 அடி-பவுண்டுக்குச் சற்றுக் குறைவு, .45-க்கு 370-க்கு அருகில். கடைக்காரப் பெரியவரின் பக்கம் இதுவரை சரிதான். இப்போது குழலை நீட்டுங்கள். 9 மி.மீ. உயர் அழுத்தத் தோட்டா. அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. .45-க்கோ 21,000 பவுண்டுதான். அதோடு .45-இன் குழல் துளைப் பரப்பு 9 மி.மீ.யினுடையதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம் என்பதால், குண்டு ஒவ்வோர் அங்குலம் நகரும்போதும் வாயு விரிய அதிக இடம் கிடைத்து, ஏற்கெனவே குறைவாக இருந்த அழுத்தம் இன்னும் விரைவாக இறங்கிவிடுகிறது. ஆகவே நீண்ட குழலில் 9 மி.மீ. 1,300 அடி வேகத்தைத் தொட்டுவிட, .45 மூச்சு வாங்கிக்கொண்டு 900 அடியை எட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஆற்றல் கணக்கில் 9 மி.மீ.க்குச் சுமார் 430, .45-க்குச் சுமார் 415. வேகமானியை வைத்து நாங்கள் அளந்தபோதும் இந்த எண்களிலிருந்து பெரிதாக விலகவில்லை. பெரியவரின் பட்டிமன்றத்தில் எதிரணி ஓசையில்லாமல் முந்திவிட்டது.

வேகத்தின் விளைவு தொலைவில் இன்னும் தெளிவாகத் தெரியும். 50 கெஜத்தில் சரியாகப் படும்படி குறிகாட்டியைத் திருத்தி வைத்தால், 100 கெஜத்தில் 9 மி.மீ. குண்டு சுமார் 6 அங்குலம் தாழ்ந்து விழுகிறது; .45 சுமார் 11 அங்குலம் தாழ்கிறது. ஆறு அங்குலத்தை அனுபவத்தால் சரிக்கட்டிக் குறிவைக்கலாம். பதினொன்று என்பது ஒரு முழங்காலுக்குக் குறி வைத்துப் பாதத்தில் படுவதைப் போன்றது; 100 கெஜத்தை மனத்தில் வைத்துக் கார்பைன் வாங்குகிறவருக்கு .45 தொடர்ந்து எரிச்சல் தரும். 10 மி.மீ.யின் முழு வலுத் தோட்டா இருவரையும் தாண்டி, 180 கிரெய்ன் குண்டை 1,400 அடி வேகத்துக்குக் கொண்டுபோய், ஆற்றலில் 780 அடி-பவுண்டை நெருங்குகிறது. 100 கெஜத்தில் அதன் தாழ்வு 5 அங்குலம்தான். நீண்ட குழலால் அதிகப் பயன் பெறுவது 10 மி.மீ., மிகக் குறைந்த பயன் பெறுவது .45 என்பதே இந்தக் கணக்கின் சாரம்.

இனி, மலிவு என்ற சொல்லுக்கு வருவோம். இந்த விலையில் விற்கும் கார்பைன்கள் பெரும்பாலும் நேர்ப் பின்தள்ளல் முறையில் இயங்குகின்றன. அதாவது, சுடும்போது தோட்டா அறையைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. போல்ட் என்ற இரும்புக் கட்டியின் கனமும் அதன் பின்னுள்ள சுருள்வில்லும் மட்டுமே தோட்டாவின் வெற்றுக் கூட்டைச் சற்றுநேரம் தாக்குப்பிடித்து நிறுத்துகின்றன. பாகங்கள் குறைவு, துல்லியமாகக் கடைய வேண்டிய பரப்புகள் குறைவு, அதனால் விலையும் குறைவு. ஆனால் இந்த முறையில் காலிபர் வலுக்க வலுக்கப் போல்ட்டும் கனத்தாக வேண்டும். குண்டின் எடையை வேகத்தால் பெருக்கிப் பார்த்தால், 9 மி.மீ.யோடு ஒப்பிட .45 மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகவும், 10 மி.மீ. மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகவும் போல்ட்டைத் தள்ளுகின்றன. ஆற்றலில் 9 மி.மீ.க்குப் பின்தங்கிய .45, தள்ளுவதில் மட்டும் முந்துகிறது என்பது அதைச் சுடுகிறவரின் தோளுக்கு நன்கு தெரியும்.

கார்பைன் என்பதால் பின்னுதைப்பே இருக்காது என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஏ.ஆர்.-15 போன்ற, வாயுவால் இயங்கிப் பூட்டித் திறக்கும் துப்பாக்கி, இதைவிட எத்தனையோ வலுவான தோட்டாவைச் சுட்டும் மென்மையாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் நகரும் பாகங்கள் இலேசாக இருப்பதே. பின்தள்ளல் கார்பைனில் கனத்த போல்ட் பின்னால் ஓடி இடித்து நின்று, மீண்டும் முன்னால் ஓடி இடிப்பதால், ஒவ்வொரு முறையும் துப்பாக்கி தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். 9 மி.மீ.யில் இது வேடிக்கையாகவே இருக்கிறது. என் மனைவி நூறு தோட்டாக்கள் சுட்டுவிட்டு அலுப்பில்லாமல் அடுத்த பெட்டியைக் கேட்பார். .45-இல் மெதுவாகவும் கனமாகவும் தள்ளும். அதைச் சிலர் விரும்புவார்கள். 10 மி.மீ.யின் முழு வலுத் தோட்டாவில் ஐம்பதைத் தாண்டினால் கன்னமும் தோளும் போதும் என்று சொல்லிவிடுகின்றன. ஹை-பாயின்டின் 9 மி.மீ. வடிவம் ஆறேகால் பவுண்டு எடை. பெரிய காலிபர்கள் ஏழு பவுண்டை ஒட்டியவை. முக்கால் பவுண்டு கூடுதல் எடை எதிர்பார்க்கும் அளவுக்கு அந்த அடியை உறிஞ்சுவதில்லை.

செலவைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள் என்றாலும், எண்ணைப் போட்டுப் பார்த்தவர் குறைவு. நான் கடந்த ஓராண்டில் வாங்கிய பயிற்சித் தோட்டாக்களில் 50 கொண்ட 9 மி.மீ. பெட்டி 14 டாலருக்கு அருகிலும், நண்பர்கள் வாங்கிய .45 பெட்டி 23 டாலருக்கு அருகிலும், 10 மி.மீ. பெட்டி 28 டாலருக்கு அருகிலும் வந்தன. ஆயிரம் தோட்டா என்றால் முறையே 280, 460, 560 டாலர். ஆயிரம் தோட்டா சுடுவதற்குள் 9 மி.மீ.க்கும் 10 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இன்னொரு கார்பைனின் விலையாகிவிடுகிறது. 300 டாலருக்குத் துப்பாக்கி தேடுகிறவர் இந்தக் கணக்கைப் பார்க்காமல் காலிபர் தேர்ந்தெடுப்பது, மலிவான வாடகை என்று மகிழ்ந்து ஊருக்கு வெளியே வீடு பிடித்துவிட்டுப் பெட்ரோலுக்கு அழுவதைப் போன்றது.

அப்படியானால் .45-க்கு இடமே இல்லையா என்றால், ஒரே ஓர் இடம் இருக்கிறது. அது நல்ல இடம். ஒலி அடக்கி பொருத்திச் சுட விரும்புகிறவருக்கு, குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டாமல் இருப்பது முக்கியம். தாண்டினால் அடக்கி எவ்வளவு நல்லதானாலும் குண்டு காற்றைக் கிழிக்கும் சாட்டையடிச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. .45-இன் வழக்கமான 230 கிரெய்ன் குண்டு எந்தக் குழலிலும் அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. 9 மி.மீ.யில் இதற்கென 147 கிரெய்ன் குண்டை வாங்குவார்கள். கைத்துப்பாக்கியில் அது 1,000 அடியை ஒட்டியே போகும், ஆனால் பதினாறு அங்குலக் குழலில் 1,100 அடியை நெருங்கக்கூடும். இங்கே ஒஹாயோவின் குளிர்காலம் ஒரு குறும்பு செய்கிறது: பூஜ்யம் பாகையில் ஒலியின் வேகமே 1,087 அடிக்கு இறங்கிவிடுவதால், ஜூலையில் அமைதியாக இருந்த அதே பெட்டித் தோட்டா ஜனவரியில் சாட்டையாய்ச் சொடுக்கும். ஒலி அடக்கிக்கு 1934 முதல் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. பதிவு நடைமுறை மட்டும் அப்படியே தொடர்கிறது. வரி போனபின் .45-ஐ விசாரிக்கிறவர்கள் கூடினால் நான் வியப்படைய மாட்டேன். இந்தத் தேவை உங்களுக்கு இல்லையென்றால், வீட்டில் ஏற்கெனவே .45 கைத்துப்பாக்கியும் தோட்டாக் கையிருப்பும் இருந்தாலொழிய, அதை வாங்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

.40-ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பின், அந்நிறுவனம் முதலில் 10 மி.மீ.யை நாடி, அதன் வலு மிகுதி என்று கண்டு மென்மையாக்க, அந்த மென்மைக்கு ஏற்பக் கூட்டைச் சுருக்கி 1990-இல் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் வெளியிட்ட தோட்டா அது. கால் நூற்றாண்டு காவல் துறைகளில் ஆட்சி செய்தது. எஃப்.பி.ஐ.யே 9 மி.மீ.க்குத் திரும்பிய பிறகு, காவல் துறைகள் கழித்துவிட்ட .40 கைத்துப்பாக்கிகள் கடைகளில் மலிவாகக் குவிந்தன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அதற்குத் துணையாக .40 கார்பைன் வாங்குவது நியாயமான முடிவு. இல்லாதவர் புதிதாக அதற்குள் நுழைய வேண்டியதில்லை. புதிய கார்பைன்கள் முதலில் 9 மி.மீ.யில் வருகின்றன, .40 பல நேரங்களில் வருவதேயில்லை. .380-ஐ, மற்ற எதன் பின்னுதைப்பையும் தாங்க முடியாத ஒருவருக்கு மட்டும் சொல்வேன். அதன் தோட்டா 9 மி.மீ.யைவிட விலை அதிகம், வலுவோ குறைவு.

இனி 10 மி.மீ. இதைப் பற்றி நான் மனம் மாறியிருக்கிறேன். 1983-இல் ப்ரென் டென் என்ற கைத்துப்பாக்கிக்காகப் பிறந்து, அந்தக் கைத்துப்பாக்கி சில ஆண்டுகளில் மறைந்தபின்னும் பிழைத்துக்கொண்ட இந்தத் தோட்டாவை வீண் ஆடம்பரம் என்றே நினைத்திருந்தேன். ஒஹாயோவில் மான் வேட்டைக்குச் செல்கிற நண்பர்தான் என் எண்ணத்தைத் திருத்தினார். இந்த மாநிலத்தில் மானுக்குத் தோட்டா ஏற்றும் ரைஃபிள் பயன்படுத்த 2014-ஆம் ஆண்டு முதல்தான் வழி பிறந்தது. அதுவும் நேர்ச்சுவர்க் கூடு (முனையில் கழுத்துபோல் குறுகாத கூடு) கொண்ட தோட்டாக்களுக்கு மட்டும். விட்டம் .357 அங்குலத்துக்குக் குறையாமலும் .50-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. 9 மி.மீ. குண்டின் விட்டம் .355 அங்குலம். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு குறைந்ததால் 9 மி.மீ. வாசலிலேயே நின்றுவிடுகிறது; .40-உம் .45-உம் 10 மி.மீ.யும் உள்ளே போகின்றன. இவற்றுள் மானை ஏமாற்றாமல் வீழ்த்தும் வலு 10 மி.மீ.க்குத்தான் உண்டு என்பது என் கருத்து. அதிலும் 75 கெஜத்தைத் தாண்டச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மாநில எல்லையைத் தாண்டினால் கதை வேறு. தெற்கு மிச்சிகனுக்கென வகுத்த விதி குண்டின் விட்டத்தோடு கூட்டின் நீளத்தையும் கேட்டது: 1.16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 1.80-ஐத் தாண்டக் கூடாது. 10 மி.மீ.யின் கூடு ஓர் அங்குலத்தைக்கூட எட்டாது. 1.29 அங்குலக் கூடு கொண்ட .357 மேக்னத்தை லீவர் துப்பாக்கியில் எடுத்துச் சென்றவர் அங்கே கம்பீரமாக நடக்க, வலுவில் இளைக்காத 10 மி.மீ. கார்பைன்காரர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. வேட்டைக்காகக் காலிபர் தேர்வு செய்கிறவர் கடைக்காரரைக் கேட்பதற்கு முன் தம் மாநில வேட்டை விதிப் புத்தகத்தின் அந்த ஆண்டுப் பதிப்பைப் படிப்பது நல்லது.

10 மி.மீ.யில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் 10 மி.மீ. பயிற்சித் தோட்டாக்களில் பல, கைத்துப்பாக்கியில் 1,030 அடி வேகத்துக்கு என்று மென்மையாகவே அடைக்கப்படுகின்றன, அது நடைமுறையில் .40-இன் வலு. பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்க்காமல் வாங்குகிறவர் 10 மி.மீ.யின் விலையைக் கொடுத்து .40-ஐச் சுட்டுக்கொண்டிருப்பார். என் நண்பர் முதல் ஆறு மாதம் அப்படித்தான் சுட்டார். பின்னுதைப்பு ஒன்றும் பெரிதில்லையே என்று எங்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டார்.

காலிபரோடு ஒட்டிப் பிறந்த கேள்வி மேகசின். ஹை-பாயின்ட் தன் சொந்த ஒற்றை வரிசை மேகசினையே பயன்படுத்துகிறது: 9 மி.மீ., .40, 10 மி.மீ.க்குப் பத்து தோட்டா, .45-க்கு ஒன்பது. நியூ ஜெர்சி போலப் பத்துக்கு மேல் அனுமதிக்காத மாநிலங்களில் இது குறையே அல்ல. மற்ற இடங்களில் நிரப்பி நிரப்பிக் கட்டைவிரல் வீங்கும். கூடுதல் கொள்ளளவுக்கு ஆசைப்பட்டு வேறொரு நிறுவனம் செய்த இருபது தோட்டா மேகசினை நான் வாங்கினேன், பெயர் வேண்டாம். ஆறாவது தோட்டாவில் ஒருமுறை, பதினொன்றாவதில் ஒருமுறை என்று, ஒவ்வொரு நிரப்பலிலும் சிக்கியது. இப்போது அது எங்கள் வீட்டில் காகிதப்பாரம். அசல் மேகசின் ஐந்து வாங்கி வைத்துக்கொண்டபின் தொல்லையில்லை.

மேகசினை ஏற்கெனவே வேறொரு கைத்துப்பாக்கியோடு பகிர வேண்டும் என்றால், கொஞ்சம் பணம் சேர்த்து மேலே போவதே சரி. புளோரிடாவின் கோகோ நகரில் செய்யப்படும் கெல்-டெக் சப்-2000, 2001 முதல் விற்பனையில் இருக்கிறது; நடுவில் மடிந்து ஒரு முதுகுப் பையில் அடங்கும், எடை நாலு பவுண்டை ஒட்டியது, 9 மி.மீ.யிலும் .40-இலும் க்ளாக் கைத்துப்பாக்கியின் மேகசினை ஏற்கும் வடிவங்கள் உண்டு. அத்தனை இலேசான உடலில் .40-ஐச் சுடுவது இன்பமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-இன் இறுதியில் வந்த ரூகர் பி.சி. கார்பைன் விலையில் ஹை-பாயின்டைப் போல் இரு மடங்கு. போல்ட்டுக்குள் டங்ஸ்டன் எடை ஒன்று தனியே நகர்ந்து இடிப்பைத் தணிப்பதால், பின்தள்ளல் முறைக்குள்ளேயே எவ்வளவு மென்மை சாத்தியம் என்பதை அதைச் சுடும்போது உணரலாம். ரூகர் மேகசினுக்கும் க்ளாக் மேகசினுக்கும் மாற்றிப் பொருத்தும் செருகு குழிகளும் உண்டு. 2023-இல் ஸ்மித் அண்ட் வெஸன் வெளியிட்ட எஃப்.பி.சி. பக்கவாட்டில் மடியும். அது முதலில் 9 மி.மீ.யில் மட்டும் வந்தது என்பதே சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்டுகிறது.

வீட்டுப் பாதுகாப்புக்கென வாங்குகிறவருக்கு ஒரு நுணுக்கம். கைத்துப்பாக்கி வேகத்துக்கென வடிவமைத்த குழிமுனைக் குண்டு, கார்பைனின் கூடுதல் வேகத்தில் முன்கூட்டியே மலர்ந்து சிதறி, போக வேண்டிய ஆழத்துக்குப் போகாமல் நின்றுவிடலாம். மேலுறையும் ஈயமும் இறுகப் பிணைக்கப்பட்ட வகையைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை குறையும், 9 மி.மீ.யில் 124 அல்லது 147 கிரெய்னில் அப்படிப்பட்டவை எளிதில் கிடைக்கின்றன. தேர்வு இவ்வளவு அகலமாக இருப்பதும் 9 மி.மீ.யின் ஒரு வலு. எங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருப்பதால் துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியிலும், தோட்டா வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்கின்றன. இதில் அவசரத்துக்கு எடுக்க முடியாதே என்று வாதிடுகிறவர்களோடு நான் வாதிடுவதில்லை.

இங்கே வாழும் நம்மவர்களுக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவருக்கு அது பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது முதலான சில விலக்குகள் மட்டும் உண்டு. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள். தவறாக எழுதினால் அது குற்றம், குடியேற்ற நிலைக்கும் ஆபத்து. வாங்கத் தகுதியில்லாத நண்பருக்காக, அவர் பணத்தில், உங்கள் பெயரில் வாங்கித் தருவதும் அப்படியே. உங்கள் விசா நிலை குறித்துத் துளி ஐயம் இருந்தாலும் கடைக்காரரின் சொல்லை நம்பாமல் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியைப் பற்றி: விசை கனமானது, சற்று மணல் அரைப்பதுபோல் இருக்கும்; சுத்தம் செய்யப் பிரிப்பது திருகாணிகளோடு மல்லுக்கட்டும் வேலை; கட்டையின் முனை கன்னத்துக்கு இதமாக இல்லை. ஆனால் 50 கெஜத்தில், தாங்கியில் வைத்துச் சுட்டால், என் 9 மி.மீ. ஐந்து தோட்டாக்களை ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவில் சேர்த்துவிடுகிறது. குழல் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். இந்த விலைக்கு அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. புதிதாக வாங்குகிறவர் 9 மி.மீ. வாங்கட்டும், ஒஹாயோவில் மானுக்குப் போகிறவர் 10 மி.மீ. வாங்கட்டும், மற்ற இரண்டையும் அவற்றுக்குரிய கைத்துப்பாக்கியோ ஒலி அடக்கியோ கைவசம் உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம்.

10 மி.மீ. நண்பர் இந்த நன்றிகூறல் நாள் முடிந்த திங்கட்கிழமை தொடங்கும் மான் பருவத்துக்கு முழு வலுத் தோட்டாக்கள் இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறார். ஒஹாயோ விதிப்படி அறையும் மேகசினும் சேர்த்து மூன்றுக்கு மேல் நிரப்பக் கூடாது. பத்து கொள்ளும் மேகசினில் இரண்டே இரண்டை இட்டுவிட்டு அது கிலுகிலுப்பைபோல் ஆடுகிறதே என்று போன வாரம் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.